மண்ணின் உயிரைத் தேடிய சேர் அல்பேர்ட் ஹவார்ட்

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலின் மூலம் தடைசெய்யப்பட்டபோது, இந்நாட்டு விவசாயிகள் இன, மத, பிரதேச வேறுபாடின்றித் திகைத்து நின்றனர். கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நெல் விதைத்தவர்களும் மலையகத்தில் கொழுந்து பறித்தவர்களும் அதன் விளைவை ஒரே போகத்தில் கண்டுகொண்டனர். அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எனினும் தடை விட்டுச்சென்ற ஒரு தீங்கு இன்னமும் நீங்கவில்லை. சேதன விவசாயம் என்ற சொல்லே எமது விவசாயிகள் பலருக்குக் கசந்துபோய்விட்டது.

இது வருந்தத்தக்கதாகும். ஏனெனில், அச்சொல்லின் பின்னால் இருப்பது ஓர் அரசியல்வாதியின் அவசர அறிவிப்பு அல்ல. விவசாயியின் காலடியில் அமர்ந்து பாடம் கற்ற ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் உழைப்பாகும். நவீன சேதன விவசாயத்தின் தந்தையர்களுள் முதன்மையானவராகக் கருதப்படும் சேர் அல்பேர்ட் ஹவார்டின் வாழ்க்கையை அறிந்தவர்கள், அவருடைய வழி எது, அவருடைய பெயரில் நடத்தப்படும் வித்தை எது என்பதை எளிதில் பிரித்தறிவர். ஆதலால் அவரது வாழ்க்கையை இங்கு நினைவுகூர்வது பயனுடையதெனக் கருதுகின்றோம்.

அல்பேர்ட் ஹவார்ட் 1873 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் திகதி இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியில், பிஷப்ஸ் காசில் என்னும் சிற்றூரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மாட்டுக்கொட்டிலையும் எருக்குவியலையும் கண்டு வளர்ந்த அச்சிறுவன், பின்னர் இலண்டனிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் இயற்கை விஞ்ஞானம் பயின்று சிறப்புத் தேர்ச்சி பெற்றார். 1899 ஆம் ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளின் விவசாயத் திணைக்களத்தில், பங்கசு நோய்களை ஆராயும் நிபுணராக பார்படோஸ் தீவில் பணியேற்றார்.

கரும்பையும் கொக்கோவையும் பிற பயிர்களையும் தாக்கும் நோய்களை ஆராய்வதே அங்கு அவருக்கு வழங்கப்பட்ட கடமையாகும். நுணுக்குக்காட்டியின் வழியே நோய்க்கிருமிகளைக் கண்டு, அவற்றை அழிக்கும் வழிகளைத் தோட்டக்காரர்களுக்கு எடுத்துரைத்து வந்தார். ஆயினும் அவரது மனதை ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. பிறருக்கு ஆலோசனை கூறும் தமக்கென ஒரு துண்டு நிலம்கூட இல்லை என்பதும், தாம் கூறும் பரிகாரத்தைத் தாமே பயிரிட்டுச் சோதிக்க இயலவில்லை என்பதுமே அக்குறையாகும். ஒருவர் பயிரை அறிவார், மற்றொருவர் மண்ணை அறிவார், இன்னொருவர் பூச்சியை அறிவார். ஆனால் வயலை முழுமையாக அறிந்தவர் ஒருவரும் இல்லை என்ற நிலை, விவசாய ஆராய்ச்சியின் அடிப்படைக் கோளாறு என அவர் உணரத் தொடங்கியது அங்கேதான்.

1903 இல் இங்கிலாந்து திரும்பிய அவர் கெண்ட் பிரதேசத்தின் வை விவசாயக் கல்லூரியில் ஹொப் என்னும் கொடிப்பயிரை ஆராய்ந்தார். விவசாயிகள் ஆண் கொடிகளை வீண் எனக் கருதி அகற்றி வந்தனர். மகரந்தச் சேர்க்கை நடைபெற விடப்பட்ட கொடிகள் விரைந்து வளர்வதையும் பீடைகளை எதிர்த்து நிற்பதையும் ஹவார்ட் கண்டறிந்தார். இயற்கையின் ஒழுங்கைக் குலைக்காமல் விட்டால் பயிர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்ற இதுவும் ஒரு காரணமாயிற்று.

1905 ஆம் ஆண்டு அவரது வாழ்வின் திருப்புமுனையாகும். இந்தியாவின் பீகார் பகுதியிலுள்ள பூசாவில் புதிதாக அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குப் பொருளாதாரத் தாவரவியலாளராக அவர் அனுப்பப்பட்டார். அதே ஆண்டில் கப்ரியேல் மத்தாய் என்னும் பெண்மணியை மணந்தார். கப்ரியேல் வெறுமனே கணவனைப் பின்தொடர்ந்து இந்தியா வந்தவர் அல்லர். கேம்பிரிட்ஜில் ஒளித்தொகுப்பில் வெப்பநிலையின் பங்கினை ஆராய்ந்து, தாவர உடற்றொழிலியலில் தமக்கென ஓர் இடத்தை ஏற்கனவே பெற்றிருந்தவர். தொடக்கத்தில் பதவியின்றியே உழைத்த அவருக்கு 1913 இல் இரண்டாம் பொருளாதாரத் தாவரவியலாளர் பதவி வழங்கப்பட்டது. ஹவார்டின் இந்தியக் காலப் பணிகள் யாவும் இருவரது கூட்டு உழைப்பின் விளைவுகளே. புகழ் மட்டும் பெரும்பாலும் ஒருவருக்கே சென்றது.

பூசாவுக்கு வந்தபோது ஹவார்டுக்கு அளிக்கப்பட்ட பணி, உள்ளூர்ப் பயிர்களை மேம்படுத்துவதாகும். அதனை அவர்கள் குறைவின்றிச் செய்தனர். பூசா 4, பூசா 12 போன்ற கோதுமை இனங்கள் அவர்களது உழைப்பினால் உருவானவை. அவை இந்தியாவின் பல பகுதிகளில் பரவின. ஆனால் ஹவார்டின் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. ஆராய்ச்சி நிலையத்தின் வேலிக்கு அப்பால் இருந்த விவசாயிகளின் வயல்களில் பீடைகள் மிகக் குறைவாகவே காணப்பட்டன. அவர்களிடம் மருந்தும் இல்லை. இரசாயனப் பசளையும் இல்லை. பருப்பு வகைகளையும் தானியங்களையும் கலந்து விதைத்தனர். பயிர்களை மாற்றி மாற்றிச் செய்தனர். மழைக்கும் மண்ணுக்கும் ஏற்ற இனங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தனர்.

ஆட்சியாளர்களின் கண்ணுக்கு அவ்விவசாயிகள் கல்வியறிவற்ற, பின்தங்கிய மக்கள். ஆனால் ஹவார்டோ அவர்களைத் தமது பேராசிரியர்களாக ஏற்றுக்கொண்டார். கூடவே பூச்சிகளையும் நோய்களையும்கூட அவர் ஆசிரியர்களாகவே கருதினார். பூச்சி ஒரு பயிரைத் தாக்கினால் குறை பூச்சியிடத்தில் இல்லை. பொருந்தாத இனமோ தவறான பராமரிப்போ நலங்கெட்ட மண்ணோ அப்பயிரைப் பலவீனப்படுத்தியிருக்கின்றது என்பதே அவரது முடிவு. பூச்சியை அழிப்பது, செய்தி கொண்டுவந்தவனைக் கொல்வதற்கு ஒப்பானதென அவருக்குத் தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில், தமக்கு வழங்கப்பட்ட நிலத்தில் அவ்விவசாயிகளின் முறைகளைப் பின்பற்றியே நோயற்ற பயிர்களை விளைவிக்க அவர் கற்றுக்கொண்டார்.

நிலத்தின் மேல் தெரியும் இலையை விட, நிலத்தின் கீழ் மறைந்திருக்கும் வேரே அவருக்கு அதிக உண்மைகளைக் கூறியது. பீகாரில் அவுரிச் செடிகள் வாடி மடிந்தபோது அவர்கள் வேர்களைத் தோண்டிப் பார்த்தனர். மழைக்காலத்தில் நீர் தேங்கிக் காற்றோட்டம் அற்றுப்போன மண்ணில் நுண்ணிய வேர்களும் வேர் முடிச்சுக்களும் அழிந்திருந்தமை தெரியவந்தது. மண்ணும் மூச்சுவிட வேண்டும் என்ற உண்மையை அவர்கள் அங்கு கற்றனர். கோடை காலங்களில் குவெட்டாவில் அமைந்த பரிசோதனை நிலையத்தில் பழப்பயிர்களை ஆராய்ந்ததோடு, நிலத்தின் ஈரத்தைப் பேணினால் குறைந்த நீர்ப்பாசனத்துடனேயே கோதுமையில் நல்ல விளைச்சலைப் பெறலாம் என்பதையும் செய்து காட்டினர்.

எனினும் ஆராய்ச்சி நிலையத்தின் பிரிவினைகள் ஹவார்டுக்குத் தடையாக இருந்தன. ஒவ்வொரு துறையும் தன் வேலிக்குள் அடைபட்டுக் கிடந்தது. பயிர், கால்நடை, மண், மனிதன் ஆகிய நான்கையும் ஒன்றாகக் காணும் ஒரு நிலையம் வேண்டும் எனப் பல ஆண்டுகள் வாதாடி, இறுதியில் 1924 இல் மத்திய இந்தியாவின் இந்தோரில் தாவரக் கைத்தொழில் நிறுவகத்தை அவர் நிறுவினார். இந்திய மத்திய பருத்திக் குழுவும் மத்திய இந்தியாவின் சமஸ்தானங்களும் அதற்கு நிதி வழங்கின. ஹோல்கர் சமஸ்தானம் சுமார் 300 ஏக்கர் நிலத்தை அளித்தது. 1931 வரை அவர் அதன் பணிப்பாளராக இருந்தார்.

அவரை உலகறியச் செய்த கூட்டெரு முறை அங்கேதான் முழு வடிவம் பெற்றது. இந்தோர் முறை என இன்றும் அது அழைக்கப்படுகின்றது. சீன, ஜப்பானிய, கொரிய விவசாயிகள் நாற்பது நூற்றாண்டுகளாக மண்ணின் வளத்தைக் காத்து வந்த விதம் பற்றி அமெரிக்க மண்ணியலாளர் எப். எச். கிங் எழுதி 1911 இல் வெளியான நூல் அவருக்கு வழிகாட்டியது. இந்திய விவசாயியின் அனுபவத்தையும் சீன விவசாயியின் சிக்கனத்தையும் விஞ்ஞானத்தின் அளவீட்டையும் ஒன்றிணைத்ததே ஹவார்டின் சாதனையாகும். இதில் அவருக்குத் துணைநின்றவர் யஷ்வந்த் வாட் என்னும் இந்திய இரசாயனவியலாளர். 1931 இல் இருவரது பெயரிலும் வெளியான விவசாயக் கழிவுகள் பற்றிய நூல் இம்முறையை உலகுக்கு எடுத்துரைத்தது.

அம்முறை எளிமையானது. இலை, தண்டு, களை, வைக்கோல் முதலிய தாவரக் கழிவுகள் ஒருபுறம். சாணமும் மாட்டுக்கொட்டிலின் மூத்திரம் ஊறிய மண்ணும் மறுபுறம். மாட்டின் மூத்திரம் வீணாகாதிருக்கக் கொட்டிலின் தரை மண்ணைக் காலத்துக்குக் காலம் அகழ்ந்தெடுத்துப் புதுமண் இடுவது அங்கு வழக்கமாக இருந்தது. தாவரக் கழிவு மூன்று அல்லது நான்கு பங்கு, விலங்குக் கழிவு ஒரு பங்கு என்ற அளவில், ஆழமற்ற குழிகளிலோ குவியல்களிலோ படை படையாக இடப்படும். புளிப்புத்தன்மை ஏறாதிருக்க விறகுச் சாம்பலும் மண்ணும் தூவப்படும். நீர் தெளிக்கப்படும், ஆனால் தேங்க விடப்படுவதில்லை. உள்ளே காற்றுச் செல்லத் துளைகள் இடப்படும். சில நாட்களிலேயே குவியலின் உள்வெப்பம் சுமார் 65 பாகை செல்சியஸ் வரை உயர்ந்து, களைவிதைகளையும் நோய்க்கிருமிகளையும் பெருமளவில் அழிக்கும். குறித்த இடைவெளிகளில் புரட்டிவிட்டால் சுமார் 90 நாட்களில் கரிய நிறமுடைய, மண்வாசனை வீசும் உக்கல் கிடைக்கும்.

இதனை வெறும் குப்பை உக்குதல் என எண்ணுவது தவறாகும். பங்கசுக்களும் பற்றீரியாக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து செய்யும் பணியை, மனிதன் காற்றும் நீரும் அளித்து நெறிப்படுத்துகின்றான். வயலில் பச்சையாக உழுது புதைக்கப்படும் கழிவு, உக்கும் காலத்தில் மண்ணிலுள்ள நைதரசனைத் தானே எடுத்துக்கொண்டு பயிரைப் பட்டினி போடுவதுண்டு. அந்த உக்கலை வயலுக்கு வெளியே முடித்து, ஆயத்தமான உணவாக மண்ணுக்கு அளிப்பதே இம்முறையின் நுட்பம். அவ்வாறு பெற்ற உக்கல் மண்ணைத் துணிக்கைகளாகப் பிணைத்து, நீரைப் பிடித்து வைத்து, மண்புழுக்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் இருப்பிடமாகின்றது. வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி அளவிலேயே நூறு கோடி வரையான பற்றீரியாக்கள் வாழக்கூடும் என்பது இன்று நாம் அறிந்ததே.

எமது முன்னோருக்கும் இவ்வறிவு அந்நியமானது அல்ல. யாழ்ப்பாணத் தோட்டங்களில் பூவரசங்குழை தாழ்த்ததும், வயலில் பட்டி அடைத்ததும் இதே நோக்கத்துடன்தான். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நியதியே ஹவார்டின் சிந்தனை முழுவதற்கும் அடித்தளம்.

1930 ஆம் ஆண்டு ஓகஸ்டில் கப்ரியேல் ஜெனீவாவில் காலமானார். இருபத்தைந்து ஆண்டுகள் தோளோடு தோள் நின்று உழைத்த துணையை இழந்த ஹவார்ட், அடுத்த ஆண்டு இந்தியாவை விட்டு நீங்கினார். பின்னர் கப்ரியேலின் சகோதரியும் சர்வதேச தொழில் அலுவலகத்தில் பணியாற்றியவருமான லூயிஸை மணந்தார். ஹவார்டின் இந்திய வாழ்வைப் பின்னாளில் நூலாக எழுதி வைத்தவரும் இந்த லூயிஸ் அம்மையாரே. 1934 இல் ஹவார்டுக்கு சேர் பட்டம் வழங்கப்பட்டது.

ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவிலேயே இருந்தது. கென்யாவின் கோப்பித் தோட்டங்கள், ரொடீசியாவின் சோளப் பண்ணைகள், கொஸ்தாரிக்காவின் கோப்பித் தோட்டங்கள் என இந்தோர் முறை பல நாடுகளுக்கும் பரவியது. 1937, 1938 ஆம் ஆண்டுகளில் அவர் இந்தியாவினதும் இலங்கையினதும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். தேயிலையின் வேர்களோடு கூடி வாழும் ஒருவகைப் பங்கசு, செடிக்கும் உக்கலுக்கும் இடையே உயிருள்ள பாலமாக அமைகின்றது என்பதை அவர் வலியுறுத்தினார். தாவர வேருக்கும் பங்கசுக்கும் இடையிலான இக்கூட்டு வாழ்வு இன்று மண் விஞ்ஞானத்தின் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்றாக விளங்குகின்றது.

1940 இல் அவரது புகழ்பெற்ற விவசாய சாசனம் நூல் வெளியானது. அதனை அவர் மறைந்த கப்ரியேலுக்கே காணிக்கையாக்கினார். 1840 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் வகுத்த கொள்கை, பயிரின் தேவையை நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் என்னும் மூட்டைக் கணக்காகச் சுருக்கிவிட்டது என்பது அவரது குற்றச்சாட்டு. முதலாம் உலகப் போரில் வெடிபொருட்களுக்காக நைதரசனை உற்பத்தி செய்த தொழிற்சாலைகள், போரின் பின்னர் விவசாயியின் வயலில் சந்தை தேடிக்கொண்டன எனவும் அவர் எடுத்துக்காட்டினார். பசளை நிறுவனங்களும் ஆராய்ச்சியாளர் பலரும் அவரை எதிர்த்தனர். ஆயினும் இங்கிலாந்தில் ஈவ் பல்போர் அம்மையாரும் அமெரிக்காவில் ஜே. ஐ. ரொடேலும் அவரது கருத்துக்களால் ஈர்க்கப்பட்டு, சேதன விவசாயத்தை ஓர் இயக்கமாக வளர்த்தெடுத்தனர். 1947 ஆம் ஆண்டு ஒக்டோபர் 20 ஆம் திகதி, இந்தியா சுதந்திரம் பெற்று இரண்டு மாதங்கள் கடந்த நிலையில், ஹவார்ட் இலண்டனில் காலமானார்.

அவர் கூறிய யாவும் நிரூபிக்கப்பட்ட உண்மைகள் என நாம் வாதிட முனையவில்லை. வளமான மண்ணில் விளைந்த தீவனத்தை உண்ட தமது எருதுகள், நோயுற்ற மாடுகளுடன் உராய்ந்தும் கால்வாய் நோய்க்கு ஆளாகவில்லை என அவர் பதிவு செய்தார். அதனை நம்பித் தடுப்பூசியைத் தவிர்ப்பது இன்று எவருக்கும் தகாது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் நடைபெறும் பரிசோதனையில், இரசாயனப் பசளை இட்ட வயல்களும் எருவிட்ட வயலும் நெடுங்காலம் ஏறத்தாழ ஒத்த கோதுமை விளைச்சலையே தந்துள்ளன. ஆனால் எருவிட்ட மண்ணிலேயே சேதனப் பொருள் பன்மடங்கு கூடுதலாக உள்ளது. வரட்சியும் பெருமழையும் மாறிமாறி வரும் எமது காலத்தில், விளைச்சலின் அளவைப் போலவே மண்ணின் தாங்கும் சக்தியும் கணக்கில் கொள்ளப்படவேண்டும். ஆகவே ஹவார்டை வேதமாகக் கொள்ளவும் வேண்டியதில்லை. வீணெனத் தள்ளவும் வேண்டியதில்லை.

2021 இல் இங்கு நடந்ததற்கு வருவோம். 2019 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்து ஆண்டுகளில் படிப்படியாக நிகழும் என வாக்களிக்கப்பட்ட மாற்றம், ஒரே உத்தரவில் திணிக்கப்பட்டது. கூட்டெரு ஆயத்தமாக இருக்கவில்லை, அதற்குரிய கால்நடைகள் போதாது, பயிற்சியும் அளிக்கப்படவில்லை. குறையை நிரப்பச் சீனாவிலிருந்து கப்பலில் சேதனப் பசளை தருவிக்கப்பட்டது. அதன் மாதிரிகளில் தீங்கான நுண்ணுயிர்கள் இருப்பதாகக் கூறி அது இறக்கப்படாமலே திருப்பப்பட்டபின், இந்நாடு அதற்காகப் பணமும் செலுத்த நேர்ந்தது. தன் மண்ணின் கழிவைத் தன் மண்ணுக்கே திருப்பும் நியதியைப் போதித்த ஒருவரின் வழியில், பிற நாட்டின் கழிவைக் கடல் கடந்து வாங்குவதற்கு இடமேயில்லை.

ஹவார்ட் தமது பணியைத் தடையிலிருந்து தொடங்கவில்லை. விவசாயியின் வயலைப் பார்ப்பதிலிருந்தே தொடங்கினார். முதலில் கற்றார், பின்னர் தாமே செய்து பார்த்தார், பல ஆண்டுகளின் பின்னரே பிறருக்குக் கூறினார். இந்த ஒழுங்கினைத் தலைகீழாக்கியதே எமது ஆட்சியாளர்கள் செய்த தவறு. அத்தவறுக்காக மண்ணை நாம் தண்டிக்கலாகாது. யூரியா மூட்டை மீண்டும் சந்தைக்கு வந்துவிட்டது என்பதற்காக, எமது மண்ணின் நலம் மீண்டுவிட்டதாகவும் கொள்ளக்கூடாது.

வீட்டுத் தோட்டத்தின் ஒரு மூலையில் ஒரு கூட்டெருக் குவியல், அறுவடை முடிந்த வயலில் எரிக்கப்படாத வைக்கோல், சந்தைக் கழிவைக் குப்பை மேட்டுக்கு அனுப்பாமல் உக்கச் செய்யும் பிரதேச சபை, விவசாயிக்கு உத்தரவிடாமல் அவனிடம் கேட்டறியும் விவசாயப் போதனாசிரியர் என்பனவே இதற்கான தொடக்கங்கள். இவற்றுக்கு வர்த்தமானி அறிவித்தல் எதுவும் தேவையில்லை. பசளையைக் குறைப்பதா என்ற கேள்வி, மண்ணில் உக்கல் சேர்ந்தபின் கேட்கப்படவேண்டியதாகும். அப்பொழுது அதற்கான விடையை எந்த அமைச்சரும் கூற வேண்டியிராது. விவசாயியே தன் வயலைப் பார்த்துத் தீர்மானித்துக்கொள்வான்.